பின்னட்டைக் கணக்கு

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்
எதுவும் வாங்காமல் விலை கேட்கிறவள் நான்.
லுசாக்கா, சோவெட்டோ சந்தை.
தக்காளி, காய்ந்த கப்பென்டா மீன், அடுப்புக்கரி, சோப்பு,
பிறகு சோளமாவு:
இருபத்தைந்து கிலோ மூட்டை, தைத்த வாய் பிரிக்காதது.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு.

விலைவாசிக் கூடை என்பார்கள்.
நானூறு பொருள் கொள்ளுமாம்.
அதைத் தலையில் தூக்கிப் போகிற ஒருத்தியை
இந்தச் சந்தையில் நான் பார்த்ததில்லை.

என் வீட்டுப் பக்கம், கலிங்கலிங்காவில்,
பனா முவாப்பே மூட்டையைப் பிரித்து
வெண்ணெய் டப்பாவால் முகந்து
பொட்டலம் கட்டுகிறாள்.
பமேலா என்று அதற்குப் பெயர்.
யார் அந்தப் பமேலா என்று கேட்டால்
வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

மூட்டை முந்நூறு குவாச்சா.
பொட்டலம் பதினான்கு. மூட்டைக்கு முப்பது பொட்டலம்.
பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினேன்.
இல்லாதவன் கூடுதலாகக் கொடுக்கிற
அந்த நூற்றிருபதுக்குக் கட்டம் இல்லை.

"சேர்த்து வைத்து மூட்டையாக வாங்கலாமே"
என்றார் மேலாளர் சிக்காஸ்வே,
காரின் பின்பக்கத்தில் இரண்டு மூட்டையோடு.
காரைக் கழுவிக்கொண்டிருந்த லோம்பே
துணியைப் பிழிந்தான், பேசவில்லை.
அவர் போனபின் என்னிடம் சொன்னான்:
"மூட்டை வந்தால் தெருவே பார்க்கும் அக்கா.
மச்சினன் வருவான், சபைக்காரர் வருவார்,
பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டோடு நிற்கும்.
இல்லையென்று சொல்ல வாய் வராது.
பொட்டலம் என்றால் சட்டைக்குள் ஒளிந்து வரும்,
இருட்டுவதற்குள் நிஷிமாக் களியாகிவிடும்."

சேமிப்பைப் பற்றி மூன்று வருடம் படித்தேன்.
கூச்சம் அதில் ஒரு மாறியாக வந்ததே இல்லை.

ஜூலையில் மானியம் வந்தது, ஆலை வாசலுக்கு.
மூட்டை இருநூற்று நாற்பது.
நானேதான் எழுதினேன், நேர்மையாக.
பணவீக்கம் இறங்கியது.
வானொலி சொன்னது; அன்றைய மின்வெட்டில்
பேட்டரி வைத்திருந்தவர்கள் கேட்டார்கள்.
மலிவு மூட்டைகளில் பாதி
ராத்திரி லாரியில் கசும்பலேசா எல்லையைத்
தாண்டிவிட்டதாகப் பேச்சு.

பொட்டலம் அதே பதினான்கு.
டப்பாவை வாங்கிப் பார்த்தேன்.
அடி உள்நோக்கித் தட்டி எழுப்பியிருந்தது,
ஒரு கட்டைவிரல் உயரம்.

பனா முவாப்பே என் முகத்தைப் பார்த்தாள்.
"மினிபஸ்காரன் குறைத்தானா?
பிளாஸ்டிக் பை குறைந்ததா?
வார வட்டிக்காரனுக்கு யார் மானியம் கொடுத்தது?"
கேட்டபடியே அளந்தாள்,
விரலால் தலை தட்டினாள்,
எதிரே நின்றவளின் இடுப்புக் குழந்தையைப் பார்த்தாள்,
இன்னும் ஒரு பிடி போட்டாள்.

எல்லோருக்கும் படியளக்கிறவன்
மேலே இருக்கிறான் என்கிறார்கள்.
அவன் டப்பாவின் அடியை யார் பார்த்தது.

நான்கு வருடமாகக் குறிப்பேட்டின் பின்னட்டையில்
பென்சிலால் எழுதி வருகிறேன்,
தேதி, பொட்டலத்தின் எடை, விலை.
யாரும் கேட்டதில்லை.
இந்த மாதம் எடைக்குப் பக்கத்தில்
'ஒரு பிடி' என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி எழுதினேன், அழித்த தடத்தின் மேலேயே.

அலுவலகத்தில் முன்பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்தார்கள்.

சம்பளத்துக்கு இன்னும் பதினேழு நாள்.
வீடு திரும்பும் வழியில் ஒரு பொட்டலம் வாங்கி
கைப்பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்து மூடினேன்.